தகரம் தட்டிய மத்தியானம்

பாக்கியக்கா முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். நான் மாடியில் அப்பாவின் சட்டைக் காலரைப் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைத்துக்கொண்டிருந்தேன். புதுத்துணி கிடைக்காத காலம். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். ஓடு காய்ந்து மாடி முழுக்க ஒரே வெக்கை.

வாசலில் தகரம் தட்டும் சத்தம் கேட்டது. வேகமாக, விடாமல் தட்டினார்கள்.

ஊசியைத் துணியில் குத்திவிட்டு ஓடினேன். மாடியின் பின்சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதற்குள் தவழ்ந்தால் பரண். பரணின் பலகைதான் கீழே இருக்கும் சரக்கறைக்குக் கூரை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அங்கேயே மடித்துவைத்திருந்த துணியை எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன். கீழே அக்கா கத்தியைப் போட்ட சத்தம் கேட்டது, ஓடிய சத்தம் கேட்டது, சரக்கறைக் கதவு சாத்திய சத்தமும் கேட்டது. அவளுக்கு அங்கே கரிமூட்டைகளின் பின்னால் இடம்.

பிறகு வீடு அடங்கிவிட்டது. இப்படி அடங்கியிருக்கத்தான் ஒரு வருஷமாக எங்களைப் பழக்கியிருந்தார்கள்.

போன வாரம் இந்தப் பத்தியில், ஜப்பான்காரன் காலத்தில் கிழங்கு தின்று உயிர் பிழைத்ததை எழுதியிருந்தேன். மூன்று வாசகிகள் செய்முறை கேட்டிருக்கிறார்கள். தாய்மார்களே, அந்தக் கிழங்கைத் தின்று வளர்ந்தவர்கள் யாரும் அதை இன்னொரு தடவை அடுப்பில் ஏற்ற மாட்டார்கள், என்னை விட்டுவிடுங்கள். இந்த வாரம் எழுதப்போவதைக் கேட்டு யாரும் கடிதம் போட மாட்டீர்கள். எனக்கும் இதை எழுதுவதில் பெரிய ஆவல் எதுவும் இல்லை. அலுப்பாக இருக்கிறது. ஆனால் பாக்கியக்கா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது, எனக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நானும் போய்விட்டால் அந்த மத்தியானம் நடந்ததாகச் சொல்ல ஆள் கிடையாது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் அடுக்குமாடியில் இரண்டாவது மாடிப் பெண் ஒருத்தி பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறாள். அவளுடைய மேற்பார்வையாளர் ஒரு நாள் சாமான் அறைக்குள் வைத்து அவளிடம் தவறாக நடந்துகொண்டார் என்று புகார் கொடுத்திருக்கிறாள். போன மாதம் லிஃப்டில் இரண்டு பெண்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி சொன்னாள், "நெஜமா இருந்தா அப்பவே சத்தம் போட்டிருப்பாளே."

நான் எட்டாவது மாடியில் இறங்க வேண்டியவள். ஐந்தாவதிலேயே இறங்கிப் படியேறிப் போனேன்.

தெருவின் தகரம்

தகரம் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பினாங்கில் டத்தோ கிராமட் சாலையை ஒட்டிய ஒரு குறுக்குத் தெரு எங்களுடையது. இரண்டு பக்கமும் கடைவீடுகள். தமிழர்களும் சீனர்களும் கலந்து இருந்தோம். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஆயர் ஈத்தாம் பக்கம் ஓடிப்போய் ஒளிந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள்தான் எல்லோரும். வந்த கொஞ்ச நாளில் சிப்பாய்கள் வீடு வீடாக ஏறிப் பெண்களைத் தேட ஆரம்பித்தார்கள். தெருவே கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு காலி மண்ணெண்ணெய்த் தகரமும் ஒரு குச்சியும் இருக்க வேண்டும். தெருமுனையில் யார் முதலில் லோரியையோ சிப்பாயையோ பார்க்கிறார்களோ அவர்கள் தட்டுவார்கள். அடுத்த வீடு தட்டும், அதற்கடுத்தது தட்டும். தெருக்கோடிவரை ஓடிவிடும். ஆபத்து போனதும் மூன்று தட்டு, நிதானமாக. அதற்குப் பிறகுதான் பெண்கள் வெளியே வரலாம்.

எல்லா வீட்டிலும் பெண்களுக்கு ஒளிய இடம் ஒதுக்கினார்கள். எங்கள் வீட்டில் பயிற்சி கொடுத்தது அம்மா. திடீரென்று தகரத்தைத் தட்டுவாள், நாங்கள் ஓட வேண்டும். ஒளிந்தபிறகு அவளே உள்ளே வந்து எங்களைக் கிள்ளிப் பார்ப்பாள், கரியைத் தூவித் தும்மல் வருகிறதா என்று பார்ப்பாள். ஒரு தடவை நான் "ஆ" என்றுவிட்டேன். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "உசுரே போனாலும் வாயைத் தொறக்கக்கூடாது," என்றாள். அவளைக் குறை சொல்லவில்லை. ஒரு சத்தத்தால் மூன்றாம் வீட்டில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும்.

பாக்கியக்கா எங்கள் வீட்டுப் பெண் அல்ல. என் பெரியம்மா மகள். நிபோங் திபாலில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தார்கள். பெரியப்பாவைச் சயாமில் ரயில்பாதை போட என்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளையும் அதே ரயிலில் போனான். இரண்டு பேருமே திரும்பவில்லை. ஆண் இல்லாத வீட்டில், ஆள் நடமாட்டமில்லாத ரப்பர்க் காட்டில், இருபது வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று பெரியம்மா அவளை எங்களிடம் கொண்டுவந்து விட்டாள். பினாங்கு பத்திரம் என்று நினைத்தாள். எனக்கு அப்போது பதினெட்டு.

கீழே முன்னறையில் சிங்காரம் அண்ணே குடியிருந்தார். நாற்பது வயது, மனைவியை இழந்தவர். சண்டைக்கு முன் துறைமுகத்தில் அப்பாவுக்குக் கீழே கணக்கெழுதும் கிராணி. ஜப்பான்காரன் வந்ததும் ஆறே மாதத்தில் அவர்கள் பாஷையைப் பேசக் கற்றுக்கொண்டு, கையில் பட்டை கட்டிக்கொண்டு, அரிசி பங்கிடும் அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் தெருவில் அவர் தயவில்லாமல் யார் வீட்டிலும் சோறு வேகாது. எங்கள் வீட்டுத் தகரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

அவரை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம், பாக்கியக்காவும் சேர்த்து. இனி எழுதும்போது அந்த அண்ணேயை விட்டுவிடுகிறேன்.

பதில் வராத தகரம்

அந்த மத்தியானம் அப்பா வேலையில். அம்மா அரிசி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், சாப்பிட வந்த சிங்காரமும்.

பரணில் படுத்திருந்தபோது ஒன்றை நான் கவனித்தேன். எங்கள் தகரம் நின்றுவிட்டது, அடுத்த வீட்டுத் தகரம் தட்டவில்லை. எதிர்வீட்டுத் தகரமும் தட்டவில்லை. எப்போதும் தெரு முழுக்க ஓடும் சத்தம் அன்று எங்கள் வாசலோடு நின்றுவிட்டது. பூட்ஸ் சத்தமும் இல்லை.

கீழே சரக்கறைக் கதவு திறந்து மறுபடி சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். தினமும் காலையில் குழாயடியில் கேட்கிற செருமல். அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கு மேல் கேட்டதை நான் எழுதப்போவதில்லை. அதிகம் கேட்கவும் இல்லை. அக்காவிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. என்னிடமிருந்தும் வரவில்லை. வாயிலிருந்த துணியைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடந்தேன். வெளியே எடுக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு வாசலில் தகரம் தட்டியது. மூன்று தட்டு, நிதானமாக.

நான் இறங்கி வந்தபோது பாக்கியக்கா குழாயடியில் உட்கார்ந்து மிச்சக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். புடவையெல்லாம் கரி. முகத்தைக் கழுவவில்லை. சிங்காரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். நான் போய்க் காலரைத் தைத்து முடித்தேன். இன்றைக்கும் என்னால் இதை நம்ப முடிவதில்லை, ஆனால் அதைத்தான் செய்தேன்.

லோரியில் போனவர்கள்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களில் பெண்களுக்கு நேரக்கூடியது என்ன என்பது பற்றி எங்கள் எல்லோர் மனதிலும் ஒரே ஒரு படம்தான் இருந்தது. லோரி வரும். துப்பாக்கி இருக்கும். புரியாத பாஷையில் அதட்டுவான். பெண் அலறுவாள். இத்தனையும் இருந்தால்தான் அதை அது என்போம். ஒன்று குறைந்தாலும் வேறு ஏதோ என்று நினைத்தோம். கையில் பட்டை கட்டிய, தமிழ் பேசுகிற, விபூதி பூசிய ஒருவர் அந்தப் படத்தில் எங்கும் இல்லை.

லோரியில் கொண்டுபோகப்பட்ட பெண்கள் எங்கள் தெருவிலும் உண்டு. ஊருக்கு வெளியே ஒரு பெரிய பங்களாவில் அடைத்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள். பாவம், பாவம் என்றோம். சண்டை முடிந்ததும் அதில் ஒருத்தி திரும்பி வந்தாள். கண்ணெதிரே துப்பாக்கி முனையில் கொண்டுபோனதைப் பார்த்த அதே தெரு, இத்தனை பேர் செத்தார்களே, இவள் மட்டும் எப்படிப் பிழைத்து வந்தாள் என்று கேட்டது. இரண்டு மாதம் இருந்துவிட்டு அவள் எங்கேயோ போய்விட்டாள். பாவம் என்கிற சொல்லைக்கூட நாங்கள் திரும்பி வராதவர்களுக்குத்தான் எடுத்து வைத்திருந்தோம்.

கேட்டதற்கு மட்டும்

மறுநாள் காலையில் பாக்கியக்கா அம்மாவிடம் சொன்னாள். அழாமல், சுற்றிவளைக்காமல், நடந்ததை நடந்த வரிசையில் சொன்னாள். அம்மா கேட்ட முதல் கேள்வி, ஏன் சத்தம் போடவில்லை என்பது.

அம்மா கேட்டாள். எங்களைக் கிள்ளிக் கிள்ளிப் பழக்கிய அம்மா.

"தகரம் தட்டுச்சே சின்னம்மா," என்றாள் அக்கா.

அன்று பகல் அம்மா எதிர்வீட்டு ஆ சோவிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். ஆ சோ கஞ்சி காய்ச்சி விற்கும் சீனத்தி. நாள் முழுக்க வாசலிலேயே இருப்பவள். எங்கள் தகரம் கேட்டதும் குச்சியை எடுத்ததாகவும், தெருவை எட்டிப் பார்த்தால் காக்காய்கூட இல்லாததால் தட்டாமல் வைத்துவிட்டதாகவும் அவள் மலாயில் சொன்னாள். "ஜிப்புன் தா டா லா," என்று இரண்டு மூன்று தடவை சொன்னாளாம். ஜப்பான்காரன் யாருமே வரவில்லை.

ஆக, அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தாள். நான் பிற்பாடு அவளைச் சண்டைக்கு இழுத்தபோது அவள் சொன்னது ஒன்றுதான். "தெரிஞ்சு என்னடி செய்ய? அவன் ஒரு வார்த்த அங்க போய்ச் சொன்னா ஒங்கப்பா வீட்டுக்குத் திரும்ப மாட்டாரு." அதுவும் பொய் இல்லை. ராணுவப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன எத்தனையோ பேர் அப்படியே மறைந்துபோயிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை எங்கள் முன்கூடத்தில் கூடினார்கள். அப்பா, கோயில் தலைவர், படகேறி வந்திருந்த பெரியம்மா, அப்புறம் சிங்காரம். குற்றம் சாட்டப்பட்டவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பெரியம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். பாக்கியக்காவை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. இது பெரியவர்கள் பேசுகிற விஷயம் என்றார்கள்.

சிங்காரம் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, மனுஷன்தானே, தவறு நடந்துவிட்டது, இரண்டு பேர் மேலும்தான் தப்பு, நானே கட்டிக்கொள்கிறேன் என்றார். கோயில் தலைவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. இந்தக் காலத்தில் யாருக்கு இந்த மனசு வரும் என்று அவர் பாராட்டினார். பெரியம்மா அந்த மனிதரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்பாவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். இரண்டு பேர் மேலும் தப்பு என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார்.

"அவளுக்கும் இஷ்டந்தான் அண்ணே," என்றார் சிங்காரம். "இல்லாட்டி சத்தம் போட்டிருக்க மாட்டாளா? மேல சரசு இருந்துச்சு. கேட்டுப் பாருங்க."

என்னைக் கூப்பிட்டார்கள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக் கேட்டார்.

"பாக்கியம் சத்தம் போட்டாளா?"

"இல்லப்பா," என்றேன். "தகரம் தட்டுனதாலதான்..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. போட்டாளா, போடலியா?"

"போடல."

அவ்வளவுதான் விசாரணை. உள்ளே போகச் சொன்னார்கள். நான் பிற்காலத்தில் முப்பது வருஷம் ஆசிரியையாக இருந்தேன். ஆயிரக்கணக்கான விடைத்தாள்கள் திருத்தியிருக்கிறேன். கேள்வியே தப்பாக இருந்தால் சரியான பதில் எழுதியவன்தான் தோற்றுப்போவான் என்பது அன்றைக்குக் கற்றுக்கொண்டதுதான்.

உள்ளே பாக்கியக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். என்னைத் திட்டவில்லை. "ஆமான்னு சொல்லியிருக்கலாம்ல, சரசு," என்றாள், மெதுவாக.

மறுநாள் காலையில் நான் அப்பாவிடம் போய், அக்கா சத்தம் போட்டாள், நான்தான் பயத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றேன். உண்மையைச் சொல்லித் தோற்றதால் பொய்யைச் சொல்லிப் பார்த்தேன். அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். நேற்று ஒன்று, இன்றைக்கு ஒன்றா, இப்படியா உன்னை வளர்த்தோம் என்று கேட்டுவிட்டுக் கண்ணாடி பக்கம் திரும்பிக்கொண்டார். கன்னத்தில் கத்தி பட்டு ரத்தம் வந்தது, துடைக்காமலே சவரத்தைத் தொடர்ந்தார். பொய் என்று தெரிந்து கோபப்பட்டாரா, உண்மை தெரிந்து பயந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

மஞ்சள் கிழங்கு

பெரியம்மா ஊருக்குத் திரும்பாமல் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். கல்யாணத்தை அடுத்த முகூர்த்தத்திலேயே முடித்துவிட வேண்டும் என்று அவளுக்கு அவசரம். அப்போது எல்லா வீட்டிலும் அவசரக் கல்யாணம்தான். புருஷன் உள்ள பெண்ணை ஜப்பான்காரன் தொட மாட்டான் என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். கிழவனோ நோயாளியோ, கிடைத்த ஆணுக்குப் பெண்களைக் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் தெருவில் ஒரே மாதத்தில் ஏழு கல்யாணம். அந்த ஏழு பெண்களில் ஒருத்தியிடமாவது சம்மதமா என்று கேட்டார்களா? அந்தச் சொல்லுக்கு அர்த்தம், பெண் வீட்டார் சரி என்பதுதான். பெண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்.

ஆகவே எட்டாவது கல்யாணத்தில் யாருக்கும் விபரீதமாக ஒன்றும் படவில்லை. பாக்கியக்காவுக்கு அதிர்ஷ்டம் என்றுதான் பேசிக்கொண்டார்கள். மாப்பிள்ளை கையில் அரிசி இருக்கிறதே.

ஒரு நாள் சமையலறையில் அவள் சொல்லித்தான் பார்த்தாள். அம்மா, பெரியம்மா, நான் மூன்று பேரும் இருந்தோம். "எனக்கு அந்த ஆளு வேணாம். ஜப்பான்காரன் கொண்டுபோனாக்கூடப் பரவால்ல, இந்த ஆளு வேணாம்."

சத்தமாகத்தான் சொன்னாள். அடுத்த வீட்டுக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னாள். பெரியம்மா ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினாள்.

அதுதான் எனக்கு ஆறவே ஆறவில்லை. ஏன் சத்தம் போடவில்லை என்று கேட்டவர்கள்தான் சத்தம் போட்டபோது வாயைப் பொத்தினார்கள். கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை. பெரியம்மா வாயைப் பொத்திய கையை எடுக்காமலே மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இனிமேல் உன்னை யார் தொடுவார்கள் என்று கேட்டுக் கேட்டு அழுதாள்.

சின்னக் கோயில் ஒன்றில், காலை நேரத்தில், பத்துப் பேர் முன்னால் கல்யாணம் நடந்தது. தங்கம் இல்லாததால் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டித் தாலி. மேளம் கிடையாது. பாக்கியக்கா குனிந்த தலை நிமிரவில்லை. என்ன அடக்கம் பார் என்றார் கோயில் தலைவர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் அவரை அண்ணே என்று கூப்பிடக்கூடாது, முறை மாறிவிட்டது, அத்தான் என்று கூப்பிட வேண்டும் என்றாள். நான் அவரை எப்படியுமே கூப்பிடாமல் கிட்டத்தட்ட நாற்பது வருஷத்தை ஓட்டினேன். கஷ்டமான காரியம்தான், செய்து பாருங்கள்.

சண்டை முடிந்து பல வருஷம் கழித்து, என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியையின் பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடப் போனேன். பதிவாளர் ஒரு மலாய்க்காரர், சின்ன வயது. பெண்ணைப் பார்த்து, சம்மதமா என்று கேட்டார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு ஏதோ முனகினாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "குவாட் சிக்கிட்," என்றார், சத்தமாகச் சொல்லும்படி. காதில் விழாமல் எழுத மாட்டேன் என்று காத்திருந்தார். அவள் இரண்டாம் தடவை தெளிவாகச் சொன்ன பிறகுதான் எழுதினார்.

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. என் பேனாவில் மை இல்லை என்று சொல்லி வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். ஒரு பெண் பேசாமல் இருந்தால் அது சரி என்று ஆகாது என்பதை என் வாழ்க்கையில் முதன்முதலாக அந்தப் பதிவாளரிடம்தான் பார்த்தேன்.

நிபோங் திபாலில்

ஜப்பான்காரன் போனதும் அவனோடு சேர்ந்து வேலை பார்த்தவர்களைத் தேடிப் பிடித்து அடித்தார்கள். சிங்காரம் ராத்திரியோடு ராத்திரியாக நிபோங் திபாலுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு தோட்ட அலுவலகத்தில் சேர்ந்து, பெரிய கிராணியாகி, கோயில் திருப்பணிக் குழுவில் தலைவராகி, நல்ல பெயரோடு இருந்தார். நான்கு பிள்ளைகள். பாக்கியக்காவை அவர் அடித்ததாகவோ பட்டினி போட்டதாகவோ கேள்வி இல்லை. அவளைப் பற்றி அங்கே எல்லோரும் சொல்வது, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவள் என்பது.

நான் வருஷத்துக்கு ஒரு தடவை போவேன். கிழங்கு, பிள்ளைகள் படிப்பு, முழங்கால் வலி எல்லாம் பேசுவோம். அந்த மத்தியானத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டோம். அவள் பேசாததால் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

சிங்காரம் எழுபத்தைந்து வயதைத் தாண்டி, படுக்கையில் கிடக்காமல், தூக்கத்தில் போனார். காலையில் தகவல் வந்து, நான் படகேறி, பேருந்து மாறிப் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறையக் கூட்டம். பத்து காவான் ஊரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். வாசலில் ஒருவர் இரங்கல் பேசினார். ஜப்பான் காலத்தில் தன் உயிரைப் பணயம் வைத்து, ஒரு தெருவின் பெண்களையெல்லாம் காப்பாற்றியவர் என்றார். தகரத்தை வைத்து என்ன அருமையான ஏற்பாடு செய்திருந்தார் தெரியுமா என்று கேட்டு, அதையும் விளக்கினார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சிங்காரமே அவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

பாக்கியக்கா உடலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, வாயில் சத்தமும் இல்லை. வாய்விட்டு அழு, அழுதுவிடு என்று ஆளாளுக்கு உலுக்கினார்கள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பக்கத்திலிருந்த ஒரு பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள், "அம்புட்டுப் பாசம் அக்கா, புருஷன் மேல. அழுகக்கூட வரல பாருங்க."

சொல்ல எவ்வளவோ இருந்தது. களைப்பாக இருந்தது.

எடுத்துக்கொண்டு போனபிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். நான் பின்கட்டில் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். பாக்கியக்கா தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கோப்பை எடுத்துக் கொடுத்தேன். பாதி குடித்தாள்.

"அன்னைக்கு மேல பலக அசைஞ்சுச்சு, சரசு," என்றாள்.

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. கெட்டிலைக் கீழே வைத்தேன். இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள். ஆமாம், நான் அசைந்தேன். எழுந்து உட்கார்ந்தேன். கதவுவரை தவழ்ந்தேன். அதன்மேல் கையையும் வைத்தேன். பிறகு மறுபடியும் வந்து படுத்துக்கொண்டேன்.

"நீ எறங்கி வருவேன்னு நெனச்சேன்," என்றாள். "அதத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். வேற எதையும் நான் பாக்கல."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பயமா இருந்துச்சுக்கா," என்றேன்.

"எனக்குந்தான்," என்றாள்.